எறிந்ததும் எஞ்சியதும்

எச்சம் இல்லாத தொழில் உலகில் இல்லை. நெல்லைக் குற்றினால் உமியும் தவிடும் எஞ்சும். எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டினால் பிண்ணாக்கு எஞ்சும். பொற்கொல்லர் பட்டறையைப் பெருக்கினால் பொன்துகள் கலந்த மண் எஞ்சும். உமி அடுப்பெரிக்க உதவுகிறது. பிண்ணாக்கு மாட்டுக்கு உணவாகிறது. பட்டறை மண்ணை விலைகொடுத்து வாங்கி, அலசிப் பொன்னெடுத்துப் பிழைப்போரும் உளர். இவ்வெச்சங்களின் இயல்பைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் அறிந்திருந்தனர். அறிந்த பொருளாதலின் அதனைக் கையாளும் முறையும் உடன் வளர்ந்தது.

விஞ்ஞான ஆய்வுகூடத்தின் எச்சம் இத்தகையதன்று. ஆலைக் கழிவுபோல் அது மலையாகக் குவிவதில்லை. ஒரு குப்பி, ஒரு கிண்ணம், ஒரு துளி என்ற அளவில் நாள்தோறும் சேருகிறது. ஆனால் அதன் வகைகளோ எண்ணில. நேற்று வரை உலகில் இல்லாத ஒரு பொருள் இன்று அங்கே பிறக்கலாம். பிறந்த பொருளின் குணத்தை அதனை ஆக்கியவரே முழுமையாக அறியாதிருக்கலாம். ஆராய்ச்சியின் வெற்றிகளைக் கூறும் நூல்கள் பல உள. ஆராய்ச்சி முடிந்தபின் தொட்டியிலும் குழாயிலும் மண்ணிலும் எஞ்சியவற்றின் கதையைக் கூறுவன சிலவே. அக்கதையைத் தொடங்குவதற்குத் தக்க இடம், ஐரோப்பாவின் நடுவே பைன் மரக்காடு ஒன்றின் ஓரத்திற் கிடந்த ஒரு குப்பைமேடாகும்.

இன்று செக்கு நாட்டில் அமைந்துள்ள ஜோக்கிம்ஸ்தால் என்னும் ஊர், 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்ட பொகீமியாவைச் சேர்ந்திருந்தது. அங்குள்ள சுரங்கங்களிற் பிச்சுபிளெண்டு என்னும் கரிய கனிப்பொருள் அகழப்பட்டது. அதிலிருந்து யுரேனியத்தைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நிறமூட்டப் பயன்படுத்தினர். யுரேனியம் நீங்கியபின் எஞ்சிய கபில நிறச் சக்கை எவருக்கும் வேண்டாத பொருளாகக் காட்டோரத்திற் கொட்டப்பட்டது.

1898ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் மேரி கியூரி அம்மையாரும் அவர் கணவர் பியேர் கியூரியும் புதிய மூலகங்கள் இரண்டின் இருப்பை அறிவித்தனர். ஒன்று பொலோனியம், மற்றையது இரேடியம். ஆயினும் கண்ணாற் காணத்தக்க அளவில் இரேடியத்தைப் பிரித்துக் காட்டினாலன்றி இரசாயன அறிஞர் அதனை ஏற்கார். பிச்சுபிளெண்டு விலை மிக்கது. கியூரி தம்பதியரிடம் பொருள் இல்லை. யுரேனியத்தை நீக்கிய பின்னரும் இரேடியம் அந்தச் சக்கையிலேயே தங்கியிருக்க வேண்டும் என்று அவர்கள் உய்த்துணர்ந்தனர். வியன்னா விஞ்ஞானக் கழகத்தின் உதவியோடு ஆஸ்திரிய அரசாங்கத்தை வேண்ட, ஒரு தொன் சக்கை அவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. கோணிகளில் வந்திறங்கிய அக்கபில நிறப் புழுதியிற் பைன் மரத்தின் ஊசியிலைகளும் கலந்திருந்தன. காட்டோரக் குப்பை என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமோ!

கொட்டில் ஒன்றில் அம்மையார் அந்தச் சக்கையைக் காய்ச்சினார். முன்னொரு காலத்தில் மருத்துவ மாணவர் பிணங்களை அறுத்துப் பயின்ற இடம் அது. கண்ணாடிக் கூரை மழைக்கு ஒழுகும்; நச்சுவாயுவை வெளியேற்றும் புகைக்கூண்டு இல்லை. ஆகவே வாயு எழும் வேலைகளை முற்றத்தில் வைத்துச் செய்தனர். மழை வந்தால் உள்ளே கொண்டுவந்து, சாளரங்களைத் திறந்துவைத்துத் தொடர்ந்தனர். ஒரு முறைக்கு 20 கிலோகிராம் வரையிலான பொருளைக் கலத்திலிட்டு, ஏறத்தாழத் தம் உயரமுள்ள இரும்புக் கோலினால் அம்மையார் மணிக்கணக்காகக் கிளறினார். 1902ஆம் ஆண்டில் ஒரு கிராமிற் பத்திலொரு பங்கு அளவான இரேடியம் குளோரைட்டு அவர் கையில் இருந்தது. பிறர் எறிந்த குப்பையிலிருந்து ஒரு புதிய மூலகம் உலகுக்குக் கிடைத்தது. பயனற்றது என்று ஒதுக்கப்படுவது, அறியாமையின் காரணமாகவே ஒதுக்கப்படுகின்றது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு விஞ்ஞான வரலாற்றில் அரிது.

ஆனால் இக்கதைக்கு மறுபுறமும் ஒன்று உண்டு. சக்கையிற் பொருளைக் கண்டவர்கள், தம் பொருளிலிருந்து பிறந்த சக்கையைக் காணவில்லை. இரேடியத்திலிருந்து ஒரு வாயு இடையறாது வெளிப்படுகிறது. அது சிதைந்து, கண்ணுக்குத் தெரியாத படிவாக எல்லாப் பொருள்கள் மீதும் அமர்கிறது. 1903ஆம் ஆண்டிற் சமர்ப்பித்த தமது ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே, ஆய்வுகூடத்தின் தூசும் காற்றும் உடுத்த உடையுங்கூடக் கதிர்த்தொழிற்பாடு உடையனவாகிவிட்டமையையும், அதனால் அளவைக் கருவிகள் பழுதுற்றமையையும் அம்மையார் பதிவு செய்திருக்கிறார். அவர் வருந்தியது கருவிகளின் பொருட்டே. அளவை பிழைக்கிறது என்பதை உணர்ந்தவர், உடலும் பிழைக்கக்கூடும் என்பதை அப்போது முழுமையாக உணர்ந்தாரல்லர். அது அவர் ஒருவரின் குறையன்று. அக்காலத்து அறிவின் எல்லை அது. சட்டைப்பையில் இரேடியக் குழாயை வைத்திருந்த பெக்கரல் என்னும் பேரறிஞரும் 1901ஆம் ஆண்டில் உடலிற் புண்பட்டார்.

பிற்காலத்தில் அம்மையார் தம் கீழ்ப் பணியாற்றியோர் இடுக்கி கொண்டே குழாய்களை எடுக்க வேண்டும், ஈயத் தடுப்பின் பின் நின்றே வேலை செய்ய வேண்டும் என்று விதித்தார். அவ்விதிகளைத் தாம் கைக்கொள்வதில் அத்துணைக் கண்டிப்பு அவரிடம் இருக்கவில்லை. 1934ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள், குருதி உண்டாதல் குன்றும் நோயினால் அவர் உயிர் நீத்தார். அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகள் பிரான்சு நாட்டின் தேசிய நூலகத்தில் ஈயம் பதித்த பெட்டிகளில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பார்க்க விரும்புவோர், அதன் தீங்கை அறிந்தே பார்க்கிறோம் என்று கையொப்பமிட வேண்டும். இரேடியம் தன் அளவிற் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 1600 ஆண்டுகள் செல்லும். சீன யாத்திரிகர் பாகியன் அனுராதபுரத்துக்கு வந்த 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு துளி இரேடியம் அங்கே சிந்தியிருக்குமாயின், இன்றுதான் அதிற் பாதி அழிந்திருக்கும். மற்றைப் பாதி இன்னும் அங்கேயே இருக்கும். ஓர் அறிஞர் தம் கையால் எழுதிய ஏட்டைத் தொடுவதற்கே வருங்காலச் சந்ததியார் அஞ்ச வேண்டிய நிலை, எழுத்தின் வரலாற்றிற் புதியது.

பாரிசில் இவ்வாறிருக்க, பேர்லின் நகரில் வேறொரு வழக்கம் உருவாயிற்று. அதன் தோற்றத்தில் இலங்கைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பிற்காலத்திற் கீழைத்தேயக் கலையின் விளக்கவுரையாளராக உலகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி, இளமையிற் புவிச்சரிதவியலாளராக இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். சபரகமுவாப் பகுதியின் இரத்தினக்கல் மண்ணிற் காணப்பட்ட கரிய, பாரமான கனிப்பொருள் ஒன்றை அவர் 1904ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். தோரியனைற்று என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. இலண்டனில் இராம்சே என்னும் இரசாயனப் பேராசிரியர், தோரியனைற்றிலிருந்து பெற்ற பேரியம் உப்பைத் தம்மிடம் பயில வந்த ஜேர்மானிய இளைஞர் ஒட்டோ ஹானிடம் கொடுத்து, அதிலிருந்து இரேடியத்தைப் பிரிக்கப் பணித்தார். ஹான் அதிற் புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளொன்றைக் கண்டார். 1905ஆம் ஆண்டில் அது ரேடியோதோரியம் என்று அறிவிக்கப்பட்டது. கைத்தொழில் நிலையமொன்றில் வேலைக்குச் செல்ல எண்ணியிருந்த ஹான், இக்கண்டுபிடிப்பினால் ஆராய்ச்சித் துறையிலேயே நிலைத்தார்.

ஹான் பேர்லினுக்குச் சென்றபின், 1907ஆம் ஆண்டில் வியன்னாவிலிருந்து லீசே மைட்னர் என்னும் பௌதிக அறிஞர் வந்து அவரோடு சேர்ந்தார். பெண்களுக்கு ஆய்வுகூடத்தின் கதவு அடைத்திருந்த காலம் அது. கீழ்த்தளத்தில் முன்னர் தச்சுவேலை நடந்த ஓர் அறையே அவ்விருவருக்கும் ஒதுக்கப்பட்டது. ஐந்தாண்டுகள் அங்கே பணியாற்றினர். அதற்குள் அந்த அறையின் மேசையும் சுவரும் தரையும் கதிர்ப்பொருளால் மாசடைந்தன. வலிய கதிர்களை ஆராயலாம். மெலிய கதிர்களை அங்கே அளக்க இயலாது என்ற நிலை வந்தது. பேரிரைச்சல் நடுவே மெல்லிய குரல் கேட்குமோ?

1912ஆம் ஆண்டில் டாலெம் என்னும் புறநகரில் இரசாயன ஆராய்ச்சி நிலையம் ஒன்று திறக்கப்பட்டு, இருவருக்கும் புதிய அறைகள் கிடைத்தன. தச்சறையின் பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. இரசாயன வேலை ஓர் அறையில், அளவைகள் வேறோர் அறையில் என்று பிரித்தனர். வலிய பொருள்களைக் கையாள்வோர் மெலிய பொருள்களின் அறைக்குள் நுழைவதற்கு வரையறை இருந்தது. அந்நிலையத்தில் ஒருவரோடொருவர் கைகுலுக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. கதவுக் கைபிடிக்கும் தொலைபேசிக்கும் அருகே மெல்லிய தாட்சுருள் தொங்கவிடப்பட்டது. அத்தாளினாற் பற்றியே கதவைத் திறக்கவும் தொலைபேசியை எடுக்கவும் வேண்டும். விருந்தினருக்கு இது வேடிக்கையாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும் கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் அவ்வறைகள் மிக மெலிய கதிர்களை அளக்கத்தக்க தூய்மையுடன் இருந்தன.

அத்தூய்மையின் பயன் சிறிதன்று. 1918ஆம் ஆண்டில் அவ்விருவரும் புரொட்டாக்டினியம் என்னும் மூலகத்தின் நீண்ட ஆயுளுடைய வகையை அறிவித்தனர். அதனை எதிலிருந்து எடுத்தனர் தெரியுமோ? பிச்சுபிளெண்டை அமிலத்திற் கரைத்தபின் கரையாது அடியிற் தங்கிய மண்டியிலிருந்து! கியூரி அம்மையார் கண்ட சக்கைக்குள்ளும் இன்னொரு சக்கை. அதற்குள்ளும் ஒரு மூலகம். பின்னர் 1938ஆம் ஆண்டு திசெம்பரில் ஹானும் அவர் துணைவர் ஸ்திராஸ்மனும் யுரேனிய அணு பிளவுபடுவதன் அடையாளத்தைக் கண்டதும் அந்நிலையத்திலேதான். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி மைட்னர் அவ்வாண்டு நடுப்பகுதியில் நாட்டைவிட்டு நீங்கியிருந்தார். அன்று அவர்கள் அளந்த கதிர்த்தொழிற்பாடு மிக மிக நுண்ணியது; மாசடைந்த அறையில் அது புலப்பட்டிராது. ஹானும் மைட்னரும் 1968ஆம் ஆண்டில், 89 வயது நிரம்பிய பின்னரே காலமாயினர். நீண்ட ஆயுளுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆயினும் தூய்மையை அளவையின் பொருட்டுக் கைக்கொண்டவர்களுக்கு, அதே தூய்மை உடலுக்கும் காப்பாக அமைந்தது என்று கூறுவது மிகையாகாது.

வியப்பு என்னவெனில், அதே நிலையத்தில் மற்றொரு கூரையின் கீழேபோல் வேறொரு நஞ்சு ஒளிந்திருந்தது. அல்பிரட் ஸ்தொக் என்னும் இரசாயன அறிஞர் அங்கே போரன், சிலிக்கன் ஆகியவற்றின் ஐதரசன் சேர்வைகளை ஆராய்ந்தார். காற்றுப் பட்டால் தீப்பற்றும் அவ்வாயுக்களை அடைத்துக் கையாள, இரசம் நிரப்பிய கண்ணாடிக் கருவிகளை அவர் வகுத்தார். கருவி உடையும், இரசம் சிந்தும், சிந்தியது சிறு முத்துகளாகச் சிதறித் தரையின் இடுக்குகளிற் புகும். யாரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. பல்லாண்டுகள் ஸ்தொக் தலைவலியாலும் சளித்தொல்லையாலும் வருந்தினார். அதனினும் கொடுமை, நினைவாற்றல் குன்றியமையாகும். எண்ணும் எழுத்துமே வாழ்வாகக் கொண்ட அறிஞருக்கு வேறெந்தத் துன்பம் இதற்கு ஈடாகும்? 1924ஆம் ஆண்டிலேயே அதன் காரணம் இரச ஆவி என்று தெளிவாயிற்று.

ஸ்தொக் தம் துன்பத்தை மறைக்கவில்லை. 1926ஆம் ஆண்டில் இரச ஆவியின் தீங்கு பற்றிக் கட்டுரை எழுதி, தம்மைப் போன்ற ஆய்வாளரை எச்சரித்தார். அறையிற் காற்றோட்டம் வேண்டும். சிந்திய இரசத்தை உடனே முற்றாகத் திரட்ட வேண்டும். காற்றிலுள்ள இரசத்தை அளந்தறிய வேண்டும் என்று வற்புறுத்தியதுடன், நுண்ணளவான இரசத்தைக் கண்டறியும் முறைகளையும் தாமே வகுத்தார். இரசம் வீணே எறியத்தக்க பொருளும் அன்று. அழுக்கடைந்த இரசத்தை அமிலத்திற் கழுவி, வெற்றிடத்திற் காய்ச்சி வடித்தால் மீண்டும் தூய இரசம் கிடைக்கும். தரையின் இடுக்கிற் கிடக்கையில் நஞ்சாக இருப்பது, குப்பியில் அடைத்துப் பெயரெழுதி வைத்தால் மறுபடியும் முதலாகிறது. இடம் மாறினால் பொருளின் பெயரும் மாறுகிறது.

உயிருள்ள எச்சத்தைக் கையாளும் முறை இவற்றுக்கு முன்னரே ஒழுங்குபெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. பாஸ்தர் அவர்களின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய சாம்பர்லாண்டு என்பவர் 1879ஆம் ஆண்டில் நீராவி அழுத்தக் கலத்தை அமைத்தார். திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகைக்கு மேற் சூடாவதில்லை. அக்கொதியைத் தாங்கும் கிருமி வித்துகள் உள. மூடிய கலத்தில் அழுத்தம் ஏற ஏற வெப்பமும் ஏறும். 121 பாகை வெப்பத்திற் கால் மணி நேரம் வரை வைத்தால் அவ்வித்துகளும் மடியும். கிருமி வளர்த்த கிண்ணமும் குழாயும் அக்கலத்தில் வெந்தபின்னரே வெளியே செல்ல வேண்டும் என்பது கிருமியியலாரின் முதல் விதியாயிற்று. கிருமி பெருகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்; எறிந்தது திரும்பி வரும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. இரசாயனப் பொருள் அவ்வாறு திரும்பி வராது என்று பிறர் எண்ணியதே பிழை.

அப்பிழையின் சின்னம் ஆய்வுகூடத்தின் கழுவுதொட்டி. குழாயைத் திறந்து நீரை ஓடவிட்டால் எந்தப் பொருளும் கரைந்து போய்விடும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவிற்று. போய்விடுகிறது என்பது உண்மை. எங்கே போகிறது என்பதே வினா. குருதி ஆய்வுக்கருவிகளிற் பயன்படும் நீர்மங்கள் சிலவற்றிற் கிருமி வளராதிருக்கும்பொருட்டுச் சோடியம் அசைட்டு என்னும் பொருள் சிறிதளவு சேர்க்கப்பட்டிருந்தது. பயன்பட்ட நீர்மம் தொட்டியில் ஊற்றப்பட்டது. ஊற்றிய அளவு சிறிதே. ஆனால் செப்புக் குழாயிலும் ஈயக் குழாயிலும் அது நாளடைவில் வினைபுரிந்து, உலோக அசைட்டாகப் படிந்தது. உலோக அசைட்டு தட்டினால் வெடிக்கும் பொருள். அடைபட்ட குழாயைத் திருத்த வந்த தொழிலாளி கருவியை வைத்து அழுத்தியபோது குழாய் வெடித்த நிகழ்ச்சிகள் உண்டாயின. 1976ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழிற் சுகாதார நிலையம் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது.

இங்கே நேயர்கள் நின்று சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கியூரி அம்மையாரும் ஸ்தொக் அவர்களும் தம் ஆராய்ச்சியின் தீங்கைத் தம் உடலிலேயே ஏற்றனர். அதில் ஒருவகை நேர்மை இருந்தது. குழாய் திருத்த வந்த தொழிலாளியோ அந்த ஆராய்ச்சியின் பெயரைக்கூடக் கேட்டறியாதவன். அதன் புகழில் அவனுக்குப் பங்கில்லை. தீங்கில் மாத்திரம் பங்கு கிடைத்தது. தொட்டியில் ஊற்றியவர் அறிந்தவர். குழாயைத் தொட்டவர் அறியாதவர். ஆய்வுகூடக் கழிவு பற்றிய அறவினா முழுவதும் இவ்விருவருக்கும் இடையிலுள்ள தூரத்தில் அடங்கியிருக்கிறது. குப்பைக் கூடையை எடுக்கும் துப்புரவுப் பணியாளர், உடைந்த கண்ணாடி பொதிந்த பையைத் தூக்கும் சிற்றூழியர், கிணற்று நீரைப் பருகும் அயலவர் ஆகிய எல்லோரும் அத்தொழிலாளியின் நிலையிலேயே உள்ளனர்.

அயலவர் கதைக்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள டார்ட்மத் கல்லூரி, ஆராய்ச்சிக்குப் பயன்பட்ட விலங்குகளின் உடல்களை 1960களிலிருந்து 1978ஆம் ஆண்டு வரை ஒரு பண்ணை நிலத்திற் புதைத்தது. அன்றைய அனுமதியைப் பெற்றே புதைத்தனர். 2011ஆம் ஆண்டில் அவ்விடத்தைத் தோண்டித் துப்புரவு செய்தனர். பின்னர் நிலத்தடி நீரைச் சோதித்தபோது டையொக்சேன் என்னும் கரைப்பான் அதிற் கலந்திருப்பது புலனாயிற்று. அயல் வீட்டுக் கிணற்றிலும் அது காணப்பட்டது. கதிர்களை எண்ணுவதற்குரிய நீர்மங்களில் ஒரு காலத்தில் அது பயன்பட்டது. நீரோடு எளிதிற் கலந்து, மண்ணில் தங்காது நெடுந்தூரம் செல்வது அதன் இயல்பு. பாரிசின் தென்புறத்தில் ஆர்க்கேய் என்னும் ஊரில் கியூரி அம்மையார் 1930களில் அமைத்த ஆய்வுகூடமும் 1978ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. மூடியதோடு முடியவில்லை, அதன் துப்புரவு வேலை 21ஆம் நூற்றாண்டிலும் தொடர்கிறது. ஆராய்ச்சி நடந்த ஆண்டுகளும் அதனைத் துடைக்கச் சென்ற ஆண்டுகளும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன.

இத்தகைய பட்டறிவுகளின் பின்னரே விதிகள் பிறந்தன. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிறைவேறிய சட்டம், தீங்குடைய கழிவு பிறக்கும் இடத்திலிருந்து அதன் முடிவிடம் வரை எழுத்துமூலம் தொடரப்பட வேண்டும் என்று விதித்தது. ஆலைகளை மனத்திற்கொண்டு இயற்றிய சட்டம் ஆய்வுகூடங்களுக்குப் பொருந்துவது எளிதன்று. ஆலையில் ஒரே கழிவு ஆயிரம் பீப்பாய். ஆய்வுகூடத்தில் ஆயிரம் கழிவு ஒவ்வொரு குப்பி. ஆகவே அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1983ஆம் ஆண்டில் ஆய்வுகூட இரசாயனப் பொருள்களை அகற்றும் முறை பற்றித் தனிநூலே வெளியிட்டது.

விதிகள் பலவாயினும் அவற்றின் சாரம் சிலவே. முதலாவது, பெயர். ஒவ்வொரு குப்பியிலும் உள்ளிருப்பது என்ன, எப்போது இட்டது, யார் இட்டது என்பன எழுதப்பட வேண்டும். பெயரற்ற குப்பியை எந்த அறிஞரும் தொடத் துணியார். அதனை ஆராய்ந்தறியும் செலவு அதனை அகற்றும் செலவினும் மிகும். இரண்டாவது, பிரிவு. செறிந்த நைத்திரிக் அமிலத்தைச் சாராயம்போன்ற கரைப்பான்களோடு ஒரே குப்பியிற் கலந்து மூடினால் வாயு பெருகிக் குப்பி வெடிக்கும். சயனைட்டுக் கழிவில் அமிலம் பட்டால் கொல்லும் வாயு எழும். தனித்தனியே அடங்கியிருப்பவை சேர்ந்தபோது பகையாகின்றன. மூன்றாவது, காலம். பிக்கிரிக் அமிலம் ஈரமாக இருக்கும்வரை அடங்கியிருக்கும்; மறந்துபோய் அலுமாரியில் உலரவிட்டால் வெடிமருந்தாகும். 2016ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சியத்தின் பாடசாலைகள் பலவற்றில், இதனையொத்த வேறொரு பொருள் உலர்ந்திருக்கலாம் என்ற ஐயத்தினால் வெடிபொருள் அகற்றும் படையினர் அழைக்கப்பட்டனர். வகுப்பறைக்கு அருகிலுள்ள அலுமாரியும் ஆய்வுகூடமே.

காலம் பகையாவதுபோல் நட்பாவதும் உண்டு. உயிரியல் ஆய்வுகளிற் பயன்படும் கதிர்ப் பொசுபரசு 14 நாட்களுக்கொருமுறை பாதியாகக் குறையும். ஐந்து மாதங்கள் பெட்டியில் வைத்துப் பூட்டினால் ஆயிரத்திலொரு பங்கினும் குறைவே எஞ்சும். அளந்து பார்த்தபின் அதனைச் சாதாரணக் கழிவாகக் கருதலாம். இரேடியத்துக்கு 1600 ஆண்டு. இதற்கு 14 நாள். இரண்டையும் ஒரே பெட்டியில் இட்டால் சில மாதத்தில் தீரவேண்டியதும் பல்லாயிரம் ஆண்டுக் கழிவாகிவிடும். பிரித்துவைத்தல் என்னும் எளிய செயலின் மதிப்பு இதனால் விளங்கும்.

மீண்டும் பயன்கொள்ளும் முறைகளும் பெருகியுள்ளன. ஒரே வகைக் கரைப்பானை வேறு பொருள் கலவாது சேர்த்துவைத்தாற் காய்ச்சி வடித்து மீளப் பயன்படுத்தலாம். வெள்ளி உப்புகளின் எச்சத்தை உப்புக் கரைசலால் வீழ்படிவாக்கி வெள்ளியை மீட்கலாம். 1908ஆம் ஆண்டு யூலை 10ஆம் நாள், லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்னெஸ் முதன்முதலாக ஈலியம் வாயுவைத் திரவமாக்கினார். அரிதின் முயன்று கனிமணலிலிருந்து திரட்டிய அவ்வாயுவை வெளியே போகவிடாது, மூடிய வட்டத்திற் சுற்றிவரச் செய்தார். இன்றும் ஆராய்ச்சி நிலையங்கள் பல, ஆவியாகும் ஈலியத்தைப் பைகளிற் பிடித்து மறுபடியும் திரவமாக்குகின்றன. பட்டறை மண்ணை அலசும் பொற்கொல்லர் மரபு இங்கே புதிய கோலம் கொண்டுள்ளது.

ஆயினும் கழிவைத் திறம்பட அகற்றுவதினும், கழிவே பிறவாதபடி வேலையை வகுப்பது மேலானது. 1998ஆம் ஆண்டில் அனஸ்தாஸ், வார்னர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பசுமை இரசாயனத்துக்கு 12 நெறிகளை வகுத்தபோது, முதல் நெறியாக வைத்தது இதனையே. நூறு கிராமிற் செய்த சோதனையை ஒரு கிராமிற் செய்தல், இரசமானிக்குப் பதிலாக வேறு மானியைக் கொள்ளல், வேண்டிய அளவு மாத்திரம் வாங்குதல் என்பன அதற்கு வழிகள். மலிவென்று எண்ணிப் பெருங்குப்பியாக வாங்கிய பொருள், பாதி பயன்பட்டு மீதி அலுமாரியிற் பழுதாகுமாயின், வாங்கிய விலையினும் அகற்றும் விலை கூடும். சிக்கனம் என்பது வாங்கும் இடத்தில் தொடங்கி, எறியும் இடத்தில் முடியும் கணக்காகும்.

ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் கடினமானதன்று. ஜோக்கிம்ஸ்தால் குப்பைமேட்டில் இரேடியம் கிடந்தது. எறிந்தவர்கள் அதனை அறியவில்லை. பாரிசின் கொட்டிலில் இரேடியத்தின் எச்சம் படிந்தது. அங்கிருந்தவர்கள் அதன் தீங்கை அறியவில்லை. டாலெமின் கதவுக் கைபிடியருகே ஒரு தாட்சுருள் தொங்கிற்று. அதைத் தொங்கவிட்டவர்கள், தாம் தொட்டதை அடுத்தவர் தொடுவார் என்பதை மறவாதிருந்தனர். ஆய்வின் முடிவை ஏட்டில் எழுதுவதோடு ஆய்வாளரின் கடமை நிறைவுறுவதில்லை. எஞ்சிய குப்பியின்மீது பெயரெழுதி, அதற்குரிய இடத்திற் சேர்க்கும் வரை ஆய்வு முடிந்ததாகாது. அந்தப் பெயர்ச்சீட்டைப் படிக்கப்போகிறவர் பெரும்பாலும் அறிஞர் அல்லர். அதிகாலையில் தும்புத்தடியோடு வரும் பணியாளர். அவருக்கு விளங்கும்படி எழுதுவதே சிறப்பு.